கம்பத்து விளக்கைக் கும்பிட்டோம்

அன்றைக்கு அண்ணி வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் இருந்தோம். அண்ணி, அதாவது என் வீட்டுக்காரருடைய அக்கா. அண்ணியின் வீட்டுக்காரர். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அவர்களுடைய மகள். என் வீட்டுக்காரர். பக்கத்துத் தெரு நயினார் வீட்டு அக்கா. அப்புறம் நான். மகளின் வயிற்றில் இருந்ததையும் சேர்த்தால் ஏழு. நான் சேர்த்துத்தான் எண்ணுகிறேன். அன்றைக்கு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் அந்த ஏழாவது ஆள்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும்.

கார்த்திகை தீபம். எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே போகவேண்டும். மழை நன்றாகப் பெய்து ஏரி ரொம்பினால் ஊருக்கு மூன்று பக்கமும் தண்ணீர்தான். நான்காவது பக்கம், மேற்கே, மேட்டு நிலம். பஸ் வந்துபோக ஏரிக்கரை மேல் ஒரே ஒரு ரோடு. டவுன் பஸ் கண்டக்டர் ஊர்ப் பேரைச் சொல்லவே மாட்டார். "தீவு எறங்கு, தீவு எறங்கு" என்றுதான் விசில் கொடுப்பார்.

அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், திருவண்ணாமலை மலை தெரியும். தீபத்தன்று உச்சியில் ஏற்றினால் எங்களுக்கு ஒரு பொட்டு மாதிரி. அந்தப் பொட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டு வாசலில் விளக்கு வைப்போம். விரதம் இருப்பவர்கள் அதற்கப்புறம்தான் வாயில் தண்ணீர் விடுவார்கள். டிவியில் பார்த்தால் கும்பிட்டுக்கொள்ளலாம், விரதம் விடக் கூடாது. முதலில் பார்க்கிறவர் சத்தம் கொடுப்பார், பெருமாள் கோயில் தெருவில் ஒரு ராக்கெட் விடுவார்கள், அப்புறம் ஊர் முழுக்க விளக்கு. இதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

கம்பத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மேட்டில் எனக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. என் அம்மா வழியில் என் பேருக்கு வந்தது. மணிலா, அதாவது வேர்க்கடலை, போட்டால் மழையைப் பொறுத்து ஏதோ வரும். ஆனி மாசத்தில் ஒரு நாள் பைக்கில் ஒரு தம்பி வந்தான். காற்றாலைக் கம்பெனி. பேச்சைக் கேட்டாலே தெற்கத்திப் பிள்ளை என்று தெரிந்தது. கழுத்தில் அட்டை மாட்டியிருந்தான், முகம் வெயிலில் வெந்திருந்தது, பாவமாக இருந்தது. மோர் கொடுத்தேன்.

"இது வெறும் காத்து அளக்குத கம்பம்க்கா" என்றான். "ஒரு வருசம் நிக்கும். காத்து நல்லா இருந்தா காத்தாடி வைப்பாங்க. இல்லைன்னா கழட்டிட்டுப் போயிருவாங்க."

"இங்க காத்தே அடிக்காதே தம்பி. புழுங்கிச் சாவறோம்."

"அப்ப உங்களுக்குத்தானக்கா லாபம்? அட்வான்ஸ் கையில இருக்கும், கம்பமும் போயிரும்."

எனக்கு அது சரியாகப் பட்டது. என் மகள் நர்சிங் காலேஜில் சேர்ந்திருந்தாள். ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். தமிழ் படிப்பேன், பேப்பர் முழுக்க இங்கிலீஷ். தம்பி விரல் வைத்துக் காட்டிய மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறவர், வீட்டில் இருப்பது கம்மி. "உன் நிலம், நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். நாலே நாளில் காலேஜுக்குப் போய்விட்டது.

ஐப்பசியில் கம்பம் நட்டார்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம், நாலு பக்கமும் இரும்புக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. ஊரில் கேட்டார்கள். "வானிலை ஆபீசுது" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பணம் வாங்கியது தெரிந்தால் கடன் கேட்பார்களோ, கண் வைப்பார்களோ, ஏதோ ஒரு பயம். எனக்குப் பயப்படக் காரணம் தேடவேண்டியதில்லை. காஸ் அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசில் எனக்கு வேலை. காலையில் டிபன், அப்புறம் ரூம் சுத்தம், பெட்ஷீட் துவைப்பது. மேல் ரூமில் ஒரு பெங்களூர் அம்மா ஒரு மாதம் தங்கியிருந்தார்கள். நல்ல மாதிரி. கம்பம் நட்ட பிறகு எனக்கு ராத்திரியெல்லாம் அந்தப் பேப்பர் ஞாபகமாகவே இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அந்தம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்கள்.

"முப்பது வருஷம்மா" என்றார்கள். "கம்பம் மட்டும் இல்லை. காத்தாடி வைக்க, ரோடு போட, ஒயர் இழுக்க, எல்லாத்துக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கீங்க."

"முப்பது வருஷமா?"

"ஆறு மாசத்துக்குள்ள வாங்கின பணத்தைத் திருப்பிக் கொடுத்தா விலகிக்கலாம்னு கடைசிப் பக்கத்துல இருக்கு. பயப்படாதீங்க."

பயப்படாதீங்க என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம் ஜாஸ்தியாகும். ஐம்பதாயிரத்துக்கு எங்கே போவது? அன்றைக்கு ஒரே பெட்ஷீட்டை இரண்டு தடவை துவைத்தேன். பேப்பரை மடித்துத் துணிக்கு அடியில் வைத்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை.

அதே வாரம் ஏரிக்கரையில் சர்வே ஆட்கள் வந்து பனைமரங்களில் சிவப்புப் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். காற்றாடியின் இறக்கை ஒவ்வொன்றும் எங்கள் தெரு நீளம் இருக்குமாம். அதை ஏற்றி வரும் லாரி திரும்பக் கரையை அகலப்படுத்த வேண்டும், மரம் வெட்ட வேண்டும். மேட்டில் பதினெட்டுக் காற்றாடி வரப்போகிறது என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. அண்ணி கொதித்துவிட்டார். மகளிர் குழுவுக்கு அவர்தான் தலைவி. அவர் கூப்பிட்டால் ஊர் வரும்.

கூட்டத்தைச் சாயந்திரம் நாலு மணிக்கே வைத்தார். எங்கள் ஊரில் ஜைனர் வீடுகள் ஒரு தெருவே உண்டு, நயினார் வீடுகள் என்போம். அவர்கள் இருட்டுவதற்கு முன் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள், அதற்காக.

"கரைய வெட்டி ரோடு போடுவானாம். தண்ணி நின்னா நிக்கும், போனா ஊரே போவும்" என்றார் அண்ணி.

நயினார் வீட்டு அக்கா எழுந்தார். "மழை முடிஞ்சா ஏரிக்கு எங்கிருந்தோ பறவைங்க வருதுங்க. அந்த எறக்கையில அடிபட்டு நம்ம நிலத்துலதான் விழும். தெனம் காலையில அதைப் பொறுக்கிப் போட்டுட்டு எப்படி ஏர் ஓட்றது?"

"மலையை மறைச்சிடும்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். "தீபமே தெரியாது."

என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "அக்கா, கரண்ட்டு வேணும்ல? தெனம் சாயந்திரமானா கட் ஆவுது. இன்னா பண்றது?" என்றார்.

அண்ணி திரும்பினார். "எனக்கு மட்டும் கரண்ட்டு கசக்குதா? நம்ம கரைய ஒடைச்சுத்தான் வரணுமானு கேக்கறேன். நீ இன்னா, காத்தாடிக்காரன் மச்சானா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் என் வீட்டுக்காரர் தொடையில் கிள்ளினேன்.

கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை கொடுக்க மனு எழுதினார்கள். அண்ணி முதல் கையெழுத்து, நயினார் வீட்டு அக்கா இரண்டாவது, அண்ணி பேனாவை நேராக என்னிடம் நீட்டினார். போட்டேன். கம்பெனிப் பேப்பரில் போட்ட அதே கையெழுத்து. எட்டாவதில் கற்றுக்கொண்டது, எனக்கு வேறு கையெழுத்துத் தெரியாது.

தீபத்துக்கு கெஸ்ட் ஹவுசில் லீவு கிடைக்காது. அந்த நாளில்தான் ரூமெல்லாம் ரொம்பி வழியும். அப்படியும் சண்டை போட்டு முந்தின நாளே ஊருக்கு வந்துவிட்டேன். காரணம் அண்ணியின் மகள். அவளுக்கு இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இது மூன்றாவது, ஏழு மாதம் தாண்டியிருந்தது. தீபத்தைக் கண்ணால் பார்க்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று அண்ணி வேண்டிக்கொண்டு முந்தின ராத்திரியிலிருந்து இருந்தார். நானும் விரதம்தான். ஆனால் நான் மத்தியானம் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

அந்த மத்தியானம் கம்பத்தில் இரண்டு ஆட்கள் ஏறியிருந்தார்கள். கீழே இறங்கியதும் வீட்டுக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். கூடவே அந்தத் தெற்கத்தித் தம்பியும்.

"லைட்டு மாட்டியாச்சுக்கா. இத்தனை நாளா பார்சல் வரலை. இருட்டுனா தன்னால எரியும். பிளேன்காரனுக்குத் தெரியணும்லா."

"இன்னிக்கா மாட்டணும்?"

"விளக்கு நாள்தானக்கா. நல்ல நாள்" என்று சிரித்தான்.

இதை நான் காதால் கேட்டேன். ஊரில் கேட்ட ஒரே ஆள் நான்.

சாயந்திரம் ஐந்தரைக்கே மாடி ஏறிவிட்டோம். மேற்கே ஒரே மேகம். மலை இருக்கிற இடமே தெரியவில்லை. கரண்ட் போயிருந்தது. கீழே டிவியும் இல்லை, மேகத்துக்குப் போன் டவரும் சரியாக இல்லை. அண்ணியின் உதடு வெடித்திருந்தது. மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "அம்மா, கொஞ்சம் தண்ணியாச்சும் குடிம்மா. எனக்கு பயமா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அண்ணி மேற்கையே பார்த்தார்.

நயினார் வீட்டு அக்கா சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு நின்றார். "எனக்குச் சாப்பாடு ஆயிடுச்சும்மா. நான் வேடிக்கை பாக்க வந்தவ."

"ஆமா, ரொம்புன வயிறு. உங்களுக்கு வேடிக்கைதான்" என்றார் அண்ணி. அவ்வளவு தாகத்திலும் அவருக்கு வாய் குறையவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. எல்லார் கண்ணும் ஒரே இடத்தில். எனக்கு அண்ணி மயங்கி விழுந்துவிடுவாரோ என்று ஒரே நினைப்பு. விழுந்தால் எந்த வண்டியில் தூக்கிப் போவது, ஏரிக்கரையில் எதிரே பஸ் வந்தால் எப்படி ஒதுங்குவது என்று அதுவரைக்கும் யோசித்துவிட்டேன். அப்போது மேகத்துக்குள், மலை இருக்கவேண்டிய இடத்தில், சிவப்பாக ஒன்று தெரிந்தது.

"தீபம்!" என்று கத்தினேன். "அண்ணாமலையாருக்கு அரோகரா!"

பக்கத்து மாடி எடுத்துக்கொண்டது, அடுத்த தெரு எடுத்துக்கொண்டது. ராக்கெட் போனது. கரண்ட் இல்லாத ஊரில் வாசல் வாசலாக அகல் எரிய ஆரம்பித்ததை மாடியிலிருந்து பார்த்தேன், அவ்வளவு அழகாக இருந்தது. அண்ணி அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். அழுதார். மகள் சொம்பை நீட்ட, கடகடவென்று குடித்தார். ஒரு பொரி உருண்டையை உடைத்து மகள் வாயில் பாதி, தன் வாயில் பாதி.

நயினார் வீட்டு அக்கா மட்டும் கும்பிட்ட கையை இறக்காமல் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்க. அது இன்னா, கண்ணு சிமிட்டுது?"

"காத்துல ஆடுதுக்கா" என்றார் அண்ணியின் வீட்டுக்காரர்.

"ஆடறது வேற தம்பி. இது அணைஞ்சு அணைஞ்சு எரியுது."

பார்த்தேன். எரிந்தது. அணைந்தது. மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணினேன். எரிந்தது. இருட்டுனா தன்னால எரியும்.

பத்து நிமிஷம் இருக்கும். மேகம் ஒரு பக்கம் விலகியது. மலை நாங்கள் பார்த்த இடத்தில் இல்லை, கொஞ்சம் இடதுபக்கம் தள்ளி இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் உச்சியில் மஞ்சளாக ஒரு பொட்டு வந்தது. அசையாமல் நின்றது. வலதுபக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. ஊரில் ஒருத்தரும் சத்தம் கொடுக்கவில்லை. விட ராக்கெட்டும் இல்லை.

"ஊரே கூடிக் கம்பத்தக் கும்பிட்டிருக்கோம்" என்று அண்ணியின் வீட்டுக்காரர் சிரித்தார். தனியாகச் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அண்ணி கையில் இருந்த சொம்பைப் பார்த்தார். மகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "யாரு மொதல்ல கத்துனது?" என்றார்.

"நான்தான் அண்ணி."

"பசி" என்றார். "உனக்கும் பசிதானே. விடு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். விடு என்று சொன்னதுதான் தாங்கவில்லை.

"பசி இல்ல அண்ணி. லைட்டு மாட்டுனது எனக்குத் தெரியும். மத்தியானமே சொன்னாங்க. மறந்துட்டேன். அது வானிலை ஆபீஸ் கம்பம் இல்ல. காத்தாடிக்காரங்களுது. நான் கையெழுத்துப் போட்டு காசு வாங்கியிருக்கேன்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எவ்ளோ?"

"அம்பதாயிரம்."

"எதுக்கு?"

"பாப்பா காலேஜுக்கு."

"எங்கிட்ட கேக்க வாய் வரல?" குரல் உயரவே இல்லை. "மனுல மூணாவது கையெழுத்து உன்னுதுடி. நான்தான் பேனாவைக் குடுத்தேன்."

படியிறங்கிப் போய்விட்டார். மகள் என்னைப் பார்த்து, "விடுங்க அத்தை, அம்மா இப்படித்தான்" என்றாள். அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மலையில் தீபம் பதினோரு நாள் எரியும். மறுநாள் அண்ணி மறுபடியும் விரதம் இருந்தார், தண்ணீர்கூட இல்லாமல். சாயந்திரம் மாடியில் தனியாக நின்றார். நானும் என் வீட்டில் இருந்தேன், இந்தத் தடவை மத்தியானத் தண்ணீரும் இல்லாமல். எங்கள் வீடு ஓட்டு வீடு, மாடி கிடையாது. கரைக்கு நடந்துபோய் நம்பர் போட்ட ஒரு பனைமரத்தடியில் நின்று பார்த்தேன். மஞ்சள் எது சிவப்பு எது என்று மூன்று தடவை பார்த்து, சிமிட்டாதது எது என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலை அண்ணி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "பேப்பரை எடுத்துக்கிட்டு கெளம்பு."

கம்பெனி ஆபீஸ் திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் இருந்தது. தீபக் கூட்டம் இன்னும் வடியவில்லை. பஸ்ஸை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள், அங்கிருந்து நடந்தோம். அண்ணி முன்னால், நான் பின்னால். தெற்கத்தித் தம்பி எங்களைப் பார்த்ததும் எழுந்து சேர் போட்டான்.

"ஆறு மாசத்துக்குள்ளன்னு இருக்குதாமே" என்றார் அண்ணி.

தம்பி தேதி பார்த்தான். "இன்னும் பதினோரு நாள் இருக்குக்கா. முழுப் பணமும் கட்டணும். ஆனா அக்கா நிலம் போச்சுன்னா எங்களுக்கு மேட்டுக்கு ஏறுத வழியே இல்லை. மேனேஜர் என்னையக் கொன்னுருவாரு."

அண்ணி அவன் முகத்தைப் பார்த்தார். "சாப்டியாப்பா?" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "எழுந்திரு. பதினோரு நாள்" என்றார்.

என்னிடம் பத்தாயிரம் தேறியது, என் மகளின் தோட்டை விற்று. பாக்கி நாற்பதுக்கு அண்ணி குழுவைக் கூட்டினார். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

"கம்பத்தைக் கும்பிட வெச்சவளுக்குக் கடனா?" என்றாள் ஒருத்தி.

"காத்தாடிக்காரன் இருக்கான்ல, அவனையே கேக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி.

அண்ணி நோட்டைத் திறந்தார். "மேட்டுக்கு வண்டி ஏறணும்னா அவ நிலத்து வழியாத்தான் ஏறணும். அவ மீட்டுட்டா எல்லாரும் மீண்டோம். இது அவளுக்குக் குடுக்கறதில்ல, கரைக்குக் குடுக்கறது. வட்டி உண்டு, தவணை தவறுனா ஃபைன் உண்டு. எம் தம்பி பொண்டாட்டின்னு கம்மி பண்ண மாட்டேன்." நயினார் வீட்டு அக்கா முதலில் கையைத் தூக்கினார்.

ஒன்பதாம் நாள் பணத்தைக் கட்டினோம். தம்பி ரசீது கொடுத்தான். பேப்பர் மேல் குறுக்கே கோடு போட்டுக் கொடுத்தான். இரண்டு மாதத்தில் கம்பத்தைப் பிரித்துக்கொண்டு போனார்கள். இரும்புக் கயிறு கட்டிய நாலு குழியும் அப்படியே கிடக்கிறது. மணிலா நடும்போது இன்றைக்கும் அதில் கால் மாட்டாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். கம்பெனி ஒரேயடியாகப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். வடக்குப் பக்கம் நிலம் கேட்கிறார்கள் என்று பேச்சு. மனு இன்னும் ஆபீசில் இருக்கிறது. பனைமரத்தில் சிவப்பு நம்பர் அழியவில்லை.

மாசியில் அண்ணியின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. பெரியாஸ்பத்திரி வாசலில் நான் இருபது தடவை கேட்டிருப்பேன், நல்லா இருக்குதா, நல்லா இருக்குதா என்று. அண்ணி வெளியே வந்து குழந்தையை முதலில் தன் தம்பி, என் வீட்டுக்காரர் கையில் கொடுக்கவில்லை, என் கையில் கொடுத்தார். "கண்ணு சிமிட்டுது பாரு" என்றார். அன்றைக்குத்தான் பழைய மாதிரி என்னிடம் பேசினார்.

ஆனால் நோட்டு வேறு, பேச்சு வேறு. மாதம் இரண்டாயிரம், வட்டி தனி. என் மகளின் பரீட்சை ஃபீஸ் வந்த மாதம் ஒரு தவணை தவறியது. கெஸ்ட் ஹவுசில் ஆள் வராத ஒரு மாதம் அரைச் சம்பளம்தான், அப்போது ஒன்று. இரண்டுக்கும் தலா ஐம்பது ரூபாய் ஃபைன் என்று அண்ணி என் கண்முன்னால் எழுதினார், எழுதிவிட்டு டீ கொடுத்தார். பதினாலு தவணை கட்டியாகிவிட்டது. இந்தச் சித்திரையோடு குழுவுக்கு நான் தரவேண்டிய பாக்கி, ஃபைனையும் சேர்த்து, பன்னிரண்டாயிரத்து நூறு ரூபாய்.